நெறிதான், கரைஞ்சிடும்

14 செப்டம்பர் 2023, வியாழன்

காலையிலிருந்து மழை. கலாதேவியின் பிளவுஸ் இரண்டும் முடிந்தன. கை இன்னும் இறுக்கமாக வேண்டுமாம். அந்தப் புஜத்தை வைத்துக்கொண்டு இறுக்கம் கேட்கிறாள்! பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மூச்சு விட முடியவில்லை என்று நாளைக்கு வந்து நிற்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

வீட்டுக்காரர் யேசுதாசன் லாரியை ஜெலாப்பாங் பட்டறையில் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் நனைந்து வந்தார். துண்டு எங்கே என்று கேட்கிறார். ஈப்போ சிலிபினில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதே ஆணியில்தான் தொங்குகிறது.

சுங்காயிலிருந்து தங்கச்சி ஜானிஸ் போன் செய்தாள். போன மாதம் பள்ளிக்கூடக் கென்டீனில் மீன் அரியும்போது கட்டைவிரலை வெட்டிக்கொண்டாளாம். இப்போது வலது அக்குளில் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறதாம். நெறி கட்டியிருக்கும் என்றேன். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டின காலத்தில் கையில் கத்தி பட்டால் இப்படித்தான் அக்குளில் நெறி கட்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போடுவாள், நாலு நாளில் போய்விடும்.

"வலிக்குதா?"

"வலிக்கலக்கா."

"அப்ப ஒன்னும் இல்லலா. நெறிதான், கரைஞ்சிடும்."

கிளினிக்குக்குப் போகட்டுமா என்று கேட்டாள். இதற்கெல்லாமா கென்டீனை மூடுவாய் என்றேன்.

கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

16 அக்டோபர், திங்கள்

தீபாவளித் தையல் இருபத்தேழு பிளவுஸ் குவிந்து கிடக்கிறது. யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

24 டிசம்பர், ஞாயிறு

ஜானிஸ் வந்துவிட்டாள். கிறிஸ்மஸ் பூசைக்கு அவளுக்குத் தைத்த பச்சை பிளவுஸ் வலது கைக்குழியில் பிடிக்கிறது. இடது பக்கம் சரியாக இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டியது, எப்படி ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும்?

"தின்னுக்கிட்டே இருக்கே, அதான்" என்றேன்.

"ஒரு பக்கத்துக்கு மட்டுமாக்கா தின்னேன்?"

எல்லாரும் சிரித்தோம். கால் அங்குலம் பிரித்துவிட்டேன். நெறி போயிருச்சா என்று கேட்டேன். கரைஞ்சிக்கிட்டு வருது என்றாள். வாசலில் நட்சத்திர விளக்கை இடது கையால்தான் மாட்டினாள். சோம்பேறி.

சாப்பிடும்போது யேசுதாசன் அவளுக்கு ஒரு கிளாஸ் ஸ்டவுட் பீர் ஊற்றினார். ரத்தம் ஊறும் என்று பிள்ளை பெற்ற வீட்டில் கொடுக்கிறதுதானே. நானும் அரை கிளாஸ் குடித்தேன்.

9 ஜனவரி 2024, செவ்வாய்

ஜானிஸ் போன். சுங்காய் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். அங்கே இருந்த நர்ஸ் மிஸ்ஸி அக்குளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டைவிரலைப் பார்க்கவே இல்லையாம். சட்டையைக் கழற்றச் சொல்லி மார்பைப் பார்த்தாளாம். அங்கேயும் ஒன்று இருக்கிறதாம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள்.

மீன் வெட்டினதற்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம்? என்ன சம்பந்தம்?

10 ஜனவரி

மூன்று ஊசி ஒடிந்தது.

17 ஜனவரி, புதன்

ஆஸ்பத்திரி. மார்பைப் படம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், ஊசியால் சதை எடுத்தார்கள். டாக்டர் சுபாஷினி சின்ன வயசுதான். யாழ்ப்பாணத்துக் குடும்பமாம், 'எண்டு' 'எண்டு' என்று பேசுகிறார். பொறுமையான ஆள்.

"எப்ப இருந்து இருக்குது?" என்று ஜானிஸைக் கேட்டார்.

"கிறிஸ்மஸ் பக்கம் டாக்டர்."

நான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் போன வருஷத்து டைரியை எடுத்துப் புரட்டினேன். 14 செப்டம்பர். என் கையெழுத்து. 'நெறிதான், கரைஞ்சிடும்.' கறுப்பு நூலுக்கு மேலே இருக்கிறது. நான்கு மாதம்! ஏன் அப்படிச் சொன்னாள்? மறந்துவிட்டாளா? இல்லை, என்னைக் காப்பாற்றுகிறாளா? மறந்திருந்தால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன்தான். இதில் பொய் எழுதி என்ன செய்யப் போகிறேன்?

29 ஜனவரி, திங்கள்

புற்றுநோய். எழுதிவிட்டேன்.

மார்பில் இருப்பதுதான் முதல், அக்குளில் இருப்பது அங்கிருந்து போனது என்றார் டாக்டர். "அது நெறி இல்லையா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன்.

"நெறி எண்டால்?"

சொன்னேன், அம்மா, பால் மரம், கத்தி, சுண்ணாம்பு எல்லாம். சிரிக்கவில்லை. ஒரு தாளைத் திருப்பிப் படம் போட்டார். ரத்தக் குழாய் மாதிரியே உடம்பு முழுக்க இன்னொரு குழாய் ஓடுகிறதாம். அதில் போகிற தண்ணீருக்கு நிணநீர் என்று பேர். வழியில் சின்னச் சின்னக் கணுக்கள் சல்லடையாக நின்று அழுக்கைப் பிடிக்கும். "கையில புண் வந்தாலும் அக்குளிலதான் வீங்கும். மார்பில கட்டி வந்தாலும் அநேகமா முதல்ல அங்கதான் போகும். உங்கட அம்மா சொன்ன பேர் சரி. நெறிதான் அது. காயத்தைத்தான் பிழையான இடத்தில தேடிட்டீங்கள்."

"வலிக்கலையே டாக்டர்."

"புண்ணால வாறது வலிக்கும். வலிக்காத கட்டிக்குத்தான் கூடக் கவனம் வேணும்."

நான் என்ன கேட்டேன் அன்றைக்கு? வலிக்குதா என்று கேட்டேன். வலிக்கவில்லை என்றதும் விட்டேன்.

"நெறி எண்டு ஆர் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். "நானாத்தான் நினைச்சிக்கிட்டேன்" என்றாள் ஜானிஸ். நான் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோழை.

கூடப் பிறந்தவளுக்கு வந்ததால் நானும் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். எனக்கும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். தையல் மெஷின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். முதலில் இவள் காரியம் முடியட்டும்.

5 பிப்ரவரி, திங்கள்

என் பெயர்கொண்ட புனிதையின் திருநாள். அகதாவின் மார்பை அறுத்தார்கள், அதனால் மார்பு நோய்க்காரர்கள் அவளிடம்தான் வேண்டுவார்கள் என்று பூசைக்குப் பிறகு சாமியார் என்னிடம் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். பெயர் எனக்கு, நோய் அவளுக்கு. மெழுகுவர்த்தி நேராக நிற்க மாட்டேன் என்கிறது. மூன்று தடவை நட்டுவிட்டு வந்தேன்.

8 பிப்ரவரி

ஜானிஸ் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். கென்டீனை வேறு ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். இந்த நோய்க்கு வாய்ப்பைக் கூட்டுகிற காரியங்கள்: மதுபானம். மாதவிடாய் நின்ற பிறகு ஏறுகிற எடை. நடமாட்டம் இல்லாமை. பிள்ளை பெறாதது. அந்த வரி வந்ததும் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மற்றதைப் படித்துக் காட்டினேன். அம்மா படுத்துக் கிடந்த ஒன்பது வருஷமும் சுங்காயில் கூட இருந்தது இவள்தான். நான் கல்யாணம் கட்டி ஈப்போவுக்கு வந்துவிட்டேன். இவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அம்மாவை யார் பார்ப்பது என்று சொன்னது யார்? நான்தான்.

கெட்டிப்பால் டின்கள் நான்கையும் குப்பையில் போட்டேன். யேசுதாசன் கறுப்புக் கோப்பியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்படியே குடித்தார். புத்திசாலி.

11 பிப்ரவரி, ஞாயிறு

போலோ கிரவுண்ட் பூங்காவில் மூன்று சுற்று நடக்கவைத்தேன். இரண்டாவது சுற்றில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ஓடுற நாயை விரட்டுற மாதிரி விரட்டாதக்கா." நான் மட்டும் மீதிச் சுற்றை நடந்தேன். யாருக்காக நடந்தேன் என்று தெரியவில்லை.

12 பிப்ரவரி

கலாதேவி வந்தாள். நலம் விசாரிக்க வந்தவள் தையல்காரியிடமே சொல்கிறாள்: "இறுக்கமா பிளவுசும் உள்பாடியும் போட்டா அக்குள்ல அந்தத் தண்ணி ஓடாம அடைச்சி, கட்டியாயிடுமாம் அக்கா. வாட்சாப்ல வந்துச்சு."

முப்பத்திரண்டு வருஷமாக நான் இந்த ஊருக்கு இறுக்கித் தைத்துக் கொடுத்திருக்கிறேன்! போனதும் அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். எத்தனை பெயர். ஒரு தையலும் ஓடவில்லை. டாக்டருக்கு போன் போடக் கூச்சமாக இருந்தது, போட்டேன். அதற்கு ஆதாரமே இல்லையாம், உள்பாடியாலும் வராது, பிளவுசாலும் வராது. "நீங்கள் பயப்பிடாமத் தையுங்கோ" என்றார். கலாதேவிக்கு உடனே போன் செய்து அரை மணி நேரம் திட்டினேன். கொஞ்சம் நிம்மதி.

13 பிப்ரவரி, செவ்வாய்

கேவலம். என்ன வாய் எனக்கு!

நான் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்தபோது ஜானிஸும் யேசுதாசனும் ஆளுக்கு ஒரு கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்குத் திருநீற்றுப் புதன், தவக்காலம் தொடங்குகிறது, கடைசியாக ஒரு ஸ்டவுட் என்றார் அவர். நான் கத்தினேன். "குடி! குடிச்சுக் குடிச்சுத்தானே இது வந்துச்சு! வாரா வாரம் சனிக்கிழமை ஒரு போத்தல், சொன்னா கேட்டியா? உடம்பைப் பாரு, நடக்கவும் மாட்டே. நீயே தேடிக்கிட்டது!"

சொல்லி முடித்ததும் காதில் எனக்கே கேட்டது. ஜானிஸ் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். யேசுதாசன் முதல் தடவையாக என்னை அதட்டினார்: "போதும் அகதா."

14 பிப்ரவரி, திருநீற்றுப் புதன்

இரண்டு பேரும் நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தோம். சாப்பாட்டு மேசையில் அந்தத் துண்டறிக்கை கிடந்தது. ஜானிஸ் எடுத்து விரித்து வைத்தாள். நான் விரலால் மறைத்த வரியையும் சேர்த்து நிதானமாகப் படித்தாள். பிறகு என் பக்கம் தள்ளினாள்.

"எல்லாம் போட்டிருக்கான். அக்கா பேச்சைக் கேட்டதுன்னு மட்டும் போடல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் மறக்கவில்லை.

சோற்றை மூடி வைத்துவிட்டேன். நோன்பு என்று சொல்லிக்கொண்டேன்.

20 பிப்ரவரி, செவ்வாய்

வார்டில் சேர்த்தாகிவிட்டது, நாளை மறுநாள் அறுவை. மிஸ்ஸி படிவம் நிரப்பிக்கொண்டே வந்து அதே கேள்வியைக் கேட்டாள். கட்டி எப்போதிலிருந்து?

"கிறிஸ்மஸ்—" என்று ஜானிஸ் தொடங்கினாள்.

"செப்டம்பர் பதினாலு" என்றேன். "அன்னைக்குத்தான் எனக்கு போன் பண்ணிச் சொன்னா. நெறிதான், கரைஞ்சிடும்னு சொன்னது நான். கிளினிக்குக்குப் போகாதேன்னு சொன்னதும் நான்."

மிஸ்ஸி என்னைப் பார்த்தாள், எழுதினாள். ஜானிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

கோபப்படட்டும். படத்தான் வேண்டும்.

22 பிப்ரவரி

நான்கு மணி நேரம். வலது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளில் இருந்த கணுக்களையும் எடுத்தார்கள். கண் விழித்ததும் தண்ணீர் கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, யேசுதாசனிடம் கேட்டாள்.

7 மார்ச், வியாழன்

பதினாறு கணுக்கள் எடுத்ததில் நான்கில் நோய் இருந்ததாம். இனி மருந்து ஏற்ற வேண்டும், பிறகு கதிர். மற்ற இடங்களுக்குப் போகவில்லை.

ஜானிஸ் கழிவறைக்குப் போன நேரம் பார்த்துக் கேட்டேன். "செப்டம்பர்லயே கூட்டிட்டு வந்திருந்தா எத்தனை இருந்திருக்கும் டாக்டர்?"

டாக்டர் சுபாஷினி பேனாவை மூடி வைத்தார். "முந்தியே வந்திருந்தால் நல்லதுதான். அதை நான் இல்லை எண்டு சொல்ல மாட்டன். ஆனா எத்தனை எண்டு ஆராலயும் சொல்ல ஏலாது."

"அவ குடிச்சது? எடை?"

"அதெல்லாம் வாய்ப்பைக் கூட்டும். ஆனா ஒராளைக் காட்டி இதாலதான் வந்தது எண்டு சொல்ல ஏலாது அம்மா. ஒண்டும் செய்யாத ஆக்களுக்கும் வருது. இனி நடந்தால், எடை குறைஞ்சால், குடியை விட்டால் அவவுக்கு நல்லம். அதுக்காகச் செய்யுங்கோ. தண்டனையாச் செய்யாதேங்கோ."

பிறகு என் கடிதம் என்னாச்சு என்று கேட்டார். அடுத்த வாரம் என்றேன்.

2 ஏப்ரல், செவ்வாய்

முதல் மருந்து ஏற்றி மூன்று வாரம் ஆகிறது. முடி தலையணையில் கிடக்கிறது. பொறுக்கினேன். தேவைக்கு மட்டும் பேசுகிறாள். என் மேல் கோபம் என்றால் திட்ட வேண்டியதுதானே! திட்டினால் நானும் திருப்பித் திட்டுவேன், முடிந்துவிடும்.

23 மே, வியாழன்

வலது கை வீங்கிவிட்டது. பயந்தே போனேன். மறுபடியும் வந்துவிட்டதோ என்று டாக்சி பிடித்து ஓடினோம். இல்லை. கணுக்களை எடுத்ததால் நிணநீர் வடிய வழி குறைந்து கையில் தேங்குகிறதாம்.

உடற்பயிற்சிப் பிரிவில் பிரதீபா என்ற பெண். ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது, இந்தத் தண்ணீருக்கு அப்படித் தனியாக ஒன்று இல்லை, கை கால் அசைந்தால், மூச்சை இழுத்து விட்டால்தான் நன்றாக நகரும் என்றாள். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. டேப்பை எடுத்து மணிக்கட்டிலிருந்து பத்துப் பத்து சென்டிமீட்டருக்கு அளந்தாள். சுற்றளவு இடது கையைவிட மூன்று சென்டிமீட்டர் கூட. "வீட்டுல யாராவது வாரா வாரம் அளந்து எழுதணும், அளக்கத் தெரியுமா ஆன்ட்டி?" என்று என்னைக் கேட்டாள்.

ஜானிஸ் சிரித்துவிட்டாள். எத்தனை நாளாயிற்று!

தடவிவிடவும் கற்றுக்கொடுத்தாள். நான் கை வைத்ததும் பிரதீபா பதறினாள். "சப்பாத்தி மாவு இல்ல ஆன்ட்டி! தோல் மட்டும் நகரணும், அவ்வளவுதான்." எனக்கு மெதுவாகச் செய்ய வரவில்லை. வாழ்க்கையில் எதையும் நான் மெதுவாகச் செய்ததில்லை.

30 மே

அளவு நோட்டில் பச்சை பிளவுசுக்கு எழுதிய பக்கம் இருக்கிறது. 'ஜா. வலது கைக்குழி கால் அங்குலம் பிரித்தது, டிசம்பர்.' அதன் கீழேயே இந்த வார அளவை எழுதினேன். டேப் அன்றைக்கே சொல்லியிருக்கிறது. நான்தான் தின்கிறாய் என்றேன்.

16 ஜூன், ஞாயிறு

அப்படியா சங்கதி! அடிப்பாவி!

முறையாக எழுதுகிறேன். மத்தியானம் கையைத் தடவிவிட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கொஞ்சம் மெதுவாக வருகிறது. அவள் பேசாமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ப் போன வருஷத்து டைரியை எடுத்துவந்து, செப்டம்பர் பதினாலைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். "படி. படிச்சிட்டுத் திட்டு. அடிக்கணும்னா அடி. இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இருக்காத."

படித்தாள். கறுப்பு நூல் வரைக்கும் படித்தாள். பிறகு எழுந்து அவள் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு உறையை எடுத்துவந்து டைரியின் மேல் வைத்தாள். சுங்காய் கிளினிக் கடிதம். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு, அவசரம் என்று எழுதியிருந்தது. தேதி 20 அக்டோபர்.

தேதியை இரண்டு தடவை படித்தேன்.

"மஞ்சள் போட்டேன், கரையல. அஞ்சு வாரம் கழிச்சு நானே போய்க் காட்டிட்டேன்க்கா. அப்பவே லெட்டர் குடுத்தாங்க. பயந்து பெட்டியில வெச்சேன். ஜனவரியில மிஸ்ஸி ஏன் போகலன்னு என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டா, வேற லெட்டர் எழுதிக் குடுத்தாங்க."

"கிறிஸ்மஸ்ல கரைஞ்சிக்கிட்டு வருதுன்னு சொன்னியே!"

"சொன்னேன். ஒன்பது வருசம் அம்மாவுக்குப் பீத்துணி மாத்தினவ நான். என்னை யாரு பாப்பா? உன் வீட்டுக்குத்தான் வந்து விழணும். நெனைச்சாலே பயமா இருந்துச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வார்டுல நீ பாட்டுக்குப் பழிய எல்லாம் உன் மேல போட்டுக்கிட்டே. எனக்கு அவமானமா போச்சு. உன் மூஞ்சியைப் பாக்க முடியல. எப்படி சொல்றதுன்னு தெரியாம இவ்ளோ நாளும்..."

கோபம் வந்தது எனக்கு. பதினொரு வாரத்துக்கு மேல் இருக்குமே, பெட்டியில் வைத்துக்கொண்டு! கத்தினேன். அவளும் கத்தினாள். யேசுதாசன் எட்டிப் பார்த்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டார். கத்தி முடித்து இரண்டு பேரும் அழுதோம். ஐயோ, என் தங்கச்சி. என்னிடம் வந்து விழுவதற்கு அப்படிப் பயந்திருக்கிறாள். நான் அப்படிப்பட்ட அக்காவாகவா இருந்திருக்கிறேன்?

"முதல் அஞ்சு வாரம் என்னுதுதான்" என்றேன்.

"வச்சுக்கோ. உனக்குத்தான் எல்லாத்துலயும் பங்கு வேணுமே."

மூக்கைச் சிந்திவிட்டு மெஷினிடம் போனேன். இழுப்பறையைத் திறந்தேன். ஊக்கு டப்பாவுக்குக் கீழே என் கடிதம் இருந்தது. 29 ஜனவரி. எடுத்துவந்து அவள் கடிதத்தின் பக்கத்தில் வைத்தேன்.

ஜானிஸ் தேதியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாலரை மாசம்" என்றாள். "நீயா என்னைப் பாத்துக் கத்தினே?"

11 ஜூலை, வியாழன்

காலை எட்டரைக்கு எனக்குப் படம் எடுத்தார்கள். இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்துகிறது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

வெளியே வந்தால் ஜானிஸ் உட்கார்ந்திருக்கிறாள். தலையில் நான் தைத்துக் கொடுத்த பூப்போட்ட தொப்பி. மடியில் என் கைப்பை. என்னைக் கண்டதும் எழுந்து பையை வலது தோளில் மாட்டப் போனாள்.

"ஏய்!" என்றேன்.

இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"பயந்தியாக்கா?"

"பயந்தேன்."

முடிவு பத்து நாளில் வருமாம். அவளும் வாரேன் என்றிருக்கிறாள். வீட்டுக்கு நடந்தே போலாம் என்று கிளம்பினோம், பாதி வழியில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கி டாக்சி பிடித்தோம். கையை அளந்தேன், ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது. கறுப்பு நூல் வாங்க மறந்துவிட்டேன்.